விசுவாசப் பிரமாணத்தில் ஓர் இருமல்

சேரப்பணஞ்சேரியிலிருந்து வடக்குப்பட்டுக்குப் போகும் வழியில், ஏரிக்கரைக்குக் கீழே இருந்த காலனியில், உபதேசியார் யாகப்பனுக்கு இரண்டு பெயர்கள். இரண்டும் ஒரே வாரத்தில் வந்தவை. அவருக்கு முன்னால் பிறந்த இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. மூன்றாவதையாவது எமன் ஏறெடுத்துப் பார்க்காமல் போகட்டும் என்று தாய் அவருக்கு மண்ணாங்கட்டி என்று பெயர் வைத்தாள். ஐந்தாம் நாள் பங்குச் சாமியார் வந்து உச்சந்தலையில் தண்ணீர் ஊற்றி யாகப்பன் என்று வைத்தார். எமனுக்கு ஒரு பெயரும் இயேசுவுக்கு ஒரு பெயரும் சொல்லிவைத்ததில் அந்த அம்மாளுக்கு முரண்பாடு எதுவும் தெரியவில்லை. பிள்ளை பிழைத்துக்கொண்டது, அந்தப் பெருமையை இரண்டு பக்கமும் பகிர்ந்து கொடுத்தாள். பள்ளிக்கூடத்து வாத்தியார் பதிவேட்டில் முதல் பெயரை எழுதினார். பிறகு வந்த வாக்காளர் பட்டியல், ரேஷன் கார்டு எல்லாம் அந்த வாத்தியாரையே நம்பின. ஆக, மாதா கோயிலுக்குள்ளே அவர் யாகப்பன். வெளியே மண்ணாங்கட்டி. உள்ளே 'வாங்க', வெளியே 'வாடா'. நடுவில் ஒரே ஒரு வாசற்படி.

வெளியே இருக்கும் நேரத்தில் அவர் சுப்பராயனின் பம்பு செட்டைப் பார்த்துக்கொண்டார். சுப்பராயன் அந்த ஊரின் பெரிய நிலக்காரர், பிற்பாடு பஞ்சாயத்துத் தலைவர். காலனிக்காரர்கள் நிலக்காரரை 'ஆண்டே' என்றுதான் கூப்பிடவேண்டும். அப்பன் பாட்டன் காலத்து வழக்கம். மாதா கோயிலில் ஜெபிக்கும்போது இயேசுவை 'ஆண்டவரே' என்பார்கள். வருஷத்துக்கு ஒருமுறை பங்குக் கோயிலுக்கு மேற்றிராணியார், அதாவது பிஷப், வந்தால் அவரையும் 'ஆண்டவரே' என்றுதான் அழைக்கவேண்டும். அது சபையின் வழக்கம். எனவே அந்தக் காலனியில் எதற்குப் பஞ்சம் இருந்தாலும் ஆண்டவர்களுக்குப் பஞ்சம் இல்லை. சுப்பராயனே ஒருநாள் மோட்டாரைப் பூட்டும்போது கேட்டார்:

"ஏன்டா மண்ணாங்கட்டி, ஒரு ஆளுக்கு எத்தினி ஆண்டைடா?"

"நீங்க வேலக்கி ஆண்டே. அவரு உசுருக்கு."

"ரெண்டு பேரும் ஒரே நேரத்துல கூப்ட்டா எங்கடா போவ?"

"அவரு ஞாயித்துக்கெழமதான் ஆண்டே கூப்டுவாரு."

சுப்பராயன் சிரித்தார். யாகப்பனும் சிரித்தார். அந்தப் பதிலில் இருந்த பிழை என்ன என்று யாகப்பனுக்குத் தெரிய இன்னும் பல வருஷங்கள் இருந்தன.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டில் அவரை உபதேசியாராக வைத்தார்கள். பங்குச் சாமியார் மாதத்துக்கு ஒருமுறைதான் சைக்கிளில் வருவார்; மற்ற ஞாயிறுகளில் மணியடித்துச் சனங்களைக் கூட்டி ஜெபம் சொல்லவேண்டியது உபதேசியார். தகுதி பார்த்து எடுத்தார்கள் என்று சொல்ல முடியாது. காலனியில் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். ஜெபப் புத்தகமும் ஒன்றுதான். அவர் ஒரு வரி சொல்ல, சனங்கள் அந்த வரியைத் திருப்பிச் சொல்வார்கள். அவர் எங்கே மூச்சு விட்டாரோ அங்கே எல்லோரும் மூச்சு விட்டார்கள். ஒருமுறை பல்வலியில் அவர் 'பரலோகத்தை' 'பல்லோகம்' என்று சொல்லிவிட, நாற்பது பேரும் பக்தியோடு பல்லோகம் என்றார்கள். புத்தகத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தாலும் நடந்தது. அவர் வாய்தான் அந்தச் சபைக்குப் புத்தகம்.

அதிலும் விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது அவர் குரல் தனி. நான் இன்னாரை நம்புகிறேன் என்று கிறிஸ்தவன் நின்றுகொண்டு ஊரறியச் சொல்லும் ஜெபம் அது. தேவனுடைய ஏக சுதனும் 'நம்முடைய நாதருமான' இயேசு கிறிஸ்து என்று வரும் இடத்தில், 'நம்முடைய நாதர்' என்ற இரண்டு வார்த்தைகளை அவர் பம்பு செட்டிலிருந்து தண்ணீர் பாய்வதுபோல் எடுத்துவிடுவார். ரோட்டில் போகும் பஸ்காரனுக்கே கேட்கும் என்று காலனியில் பெருமை. முன்வரிசையில் உட்காரும் சூசையம்மாள்தான் ஒத்துக்கொள்ளமாட்டாள். கல் உடைக்கப் போகிற கைம்பெண். யார் எதைச் சொன்னாலும் திருத்துவாள்.

"உபதேசியாரே, சத்தம் போட்டாத்தான் அவருக்குக் கேக்குமா? அவருக்கு இன்னா காது மந்தமா?"

இந்த இடத்தில் சர்க்கார் உள்ளே வருகிறது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதில் போட்ட உத்தரவின்படி, தாழ்த்தப்பட்டவர்களுக்கான சலுகை இந்துவாக இருப்பவர்களுக்குத்தான். கிறிஸ்தவனானால் சாதி போய்விட்டது என்று கணக்கு. இந்த நாட்டில் மதம் மாறினால் சாதி போய்விடும் என்று மனப்பூர்வமாக நம்பியது சர்க்கார் ஒன்றுதான். சுப்பராயன் நம்பவில்லை, டீக்கடையில் கிளாஸைத் தனியாக வைத்தவன் நம்பவில்லை, பங்கின் பெரிய கோயிலில் காலனிக்காரர்கள் இடதுபக்க ஓரத்தில்தான் மண்டியிட வேண்டும் என்று வைத்திருந்த விசுவாசிகளும் நம்பவில்லை. ஆனால் முத்திரை சர்க்காரின் கையில் இருந்தது.

எழுபத்து மூன்றில் யாகப்பனின் மூத்த மகள் கிளாரா எஸ்.எஸ்.எல்.சி. தேறினாள். காலனியில் தேறிய முதல் பெண். வாத்தியார் பயிற்சிக்குப் போகவேண்டும் என்று ஒரே பிடியாக இருந்தாள். சபை நடத்திய பயிற்சிப் பள்ளியில் இடங்கள் நிரம்பிவிட்டன என்றார்கள். அவை எப்படி நிரம்பின என்பதை இடதுபக்க ஓரத்தில் மண்டியிட்டவர்களிடம் கேட்டால் தெரியும். மிச்சம் இருந்தது சர்க்கார் பயிற்சிப் பள்ளி. அதற்கு 'இந்து ஆதி திராவிடர்' என்று தாலுகா ஆபீஸில் ஒரு சர்டிபிகேட் வேண்டும். அந்த வருஷம் காலனியில் பதினோரு வீடுகள் ஒவ்வொரு காரணத்துக்காக அதே காகிதத்துக்கு மனுப் போட்டிருந்தன. ரெவின்யூ இன்ஸ்பெக்டர் நேரில் வந்து விசாரிப்பார் என்று செய்தி வந்தது.

வீடுகளில் மாட்டியிருந்த சிலுவைகளும் மாதா படங்களும் காலையிலேயே அரிசிப் பானைகளுக்குள் போயின. வெறும் சுவரைக் காட்ட முடியாது. ஏதாவது சாமி வேண்டும். காலனிக் கடைசியில் சந்திரம்மாள் வீடு மட்டும் முருகனைக் கும்பிடும் வீடு. அங்கே கண்ணாடி போட்ட முருகர் படம் ஒன்று இருந்தது. பதினோரு வீட்டுக்கும் அதுதான் சாமி என்று முடிவானது. இன்ஸ்பெக்டர் ஒரு வீட்டிலிருந்து வாசல் வழியே வெளியே வரும்போது முருகர் புழக்கடை வழியாக அடுத்த வீட்டுக்குப் போய்விட வேண்டும்.

"பாத்துத் தூக்கிக்கினு போங்கடி," என்று சந்திரம்மாள் கத்தினாள். "அவரு மயிலு மேலயே இவ்ளோ அலஞ்சதில்ல."

இன்ஸ்பெக்டரின் பெயர் ராமன். வெயிலில் வந்தவர், நல்ல மனுஷர். முதல் வீட்டில் முருகரைப் பார்த்தார். இரண்டாவது வீட்டில் பார்த்தார். மூன்றாவது வீட்டில் கண்ணாடியின் வலது மூலையில் இருந்த கீறலையும், அதே இடத்தில் தொங்கிய அதே காய்ந்த சாமந்தியையும் பார்த்தார். நான்காவது வீட்டில் முருகர் இன்னும் ஆடிக்கொண்டிருந்தார். ஆணியில் மாட்டிய கை அப்போதுதான் விலகியிருந்தது.

"என்னய்யா, உங்க முருகர் என்னைவிட வேகமா நடக்குறாரே," என்றார் ராமன். யாரும் சிரிக்கவில்லை. அவரே சிரித்துவிட்டு எழுதிக்கொண்டார்.

யாகப்பன் வீடு ஏழாவது. அங்கே ஒரு சங்கடம். பதினைந்து வருஷமாகச் சுவரில் இருந்த மரச் சிலுவையைக் கழற்றிய இடத்தில், புகை படியாத வெள்ளையாய் ஒரு சிலுவை நின்றது. முருகர் படத்தை அதன் மேலே மாட்டினார்கள். படம் சிறியது. முருகருக்குப் பின்னாலிருந்து இரண்டு பக்கமும் வெள்ளைக் கைகள் நீண்டுகொண்டிருந்தன. யாகப்பன் மனைவி லூர்தம்மாள் அதை மறைக்கும்படி சுவரோடு ஒட்டி நின்றாள். ஒரு கையைத்தான் மறைக்க முடிந்தது.

ராமன் அந்தச் சுவரை நெடுநேரம் பார்த்தார். கேட்காமல் போயிருக்கலாம். ஆனால் அவர் மேலதிகாரிக்கு ஒரு மொட்டைக் கடிதாசி போயிருந்தது, இந்தக் காலனியில் ஓர் ஆள் ரோட்டுக்குக் கேட்கும்படி ஜெபம் சொல்கிறான் என்று.

"உன் பேரு?"

"மண்ணாங்கட்டிங்க."

"எந்தக் கோயிலுக்குப் போற?"

"முருகர் கோயிலுக்குங்க."

"மாதா கோயில்ல ஜெபம் சொல்றது நீதானாமே?"

"வாசலக் கூட்டுவேன்ங்க."

ராமன் பேனாவை மூடினார். மறுபடி திறந்தார். "இதோ பார், எனக்கு எழுதணும். நேரா ஒரே ஒரு கேள்வி. இயேசு உனக்கு யாரு?"

வாசலில் காலனியே நின்றுகொண்டிருந்தது. புழக்கடைக் கதவுக்குப் பின்னால், முருகரை எட்டாவது வீட்டுக்குத் தூக்கிப்போகக் காத்திருந்தான் ஒன்பது வயது மகன் லூர்துராஜ். அடுப்படியில் கிளாரா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"யாருமில்லீங்க," என்றார் யாகப்பன்.

ராமன் எழுதிக்கொண்டார். எட்டாவது வீடு, ஒன்பதாவது, பத்தாவது எல்லாம் சுலபமாக முடிந்தன. பதினோராவது வீட்டில் சூசையம்மாள் முருகரை உள்ளே விடவில்லை. சிலுவை அதன் ஆணியிலேயே இருந்தது.

"நான் வேதக்காரி. எங்களுக்கு ஆண்டவரு இயேசுதான். எழுதிக்கோ சார்."

"எழுதினா உம் பையனுக்குச் சர்டிபிகேட் கிடைக்காதும்மா," என்றார் ராமன் தாழ்ந்த குரலில்.

"அதையும் எழுதிக்கோ."

பத்து வீட்டுக்குச் சர்டிபிகேட் வந்தது. கிளாரா பயிற்சிக்குப் போனாள். சூசையம்மாளின் மகன் யேசுராஜ் ஹாஸ்டல் படிப்பை விட்டுவிட்டு அம்மாவோடு கல் உடைக்கப் போனான். போகும்போது காலனி கேட்க ஒன்று சொன்னான்: "நீ மோட்சத்துக்குப் போம்மா. சம்மட்டிய எங்கிட்டக் குடு." யாரையும் திருத்தாமல் சூசையம்மாள் இருந்தது அந்த ஒரு நாள்தான்.

அடுத்த ஞாயிறு யாகப்பன் மணியடித்தார். சனங்கள் வந்தார்கள். விசுவாசப் பிரமாணத்தைத் தொடங்கினார். ஏக சுதன் வரைக்கும் குரல் நன்றாகவே போயிற்று. அதற்கு அடுத்த இரண்டு வார்த்தைகளில் தொண்டை நின்றுவிட்டது. இருமினார். இருமி முடித்து, 'இயேசு கிறிஸ்துவையும்' என்று அங்கிருந்து எடுத்துக்கொண்டு போனார். சனங்கள் எப்போதும்போல அவர் வாயைப் பார்த்தே திருப்பிச் சொன்னவர்கள், அந்த இடம் வந்ததும் தடுமாறினார்கள். பின்வரிசையில் ஒருவர் இருமினார். அது வசதியாக இருந்தது. இன்னும் இரண்டு பேர் இருமினார்கள். பத்து வீட்டுக்காரர்களும் ராமனிடம் முருகரைத்தானே காட்டியிருந்தார்கள்! பதினோராவது வீடு மட்டும் அந்தப் பள்ளத்துக்குள் தனியாகக் கத்தியது: "நம்முடைய நாதர்!"

அடுத்த வாரமும் அப்படியே நடந்தது. அதற்கடுத்த வாரமும். யாகப்பன் வரி சொல்லுவார், இருமுவார், சனங்கள் வரி சொல்லுவார்கள், இருமுவார்கள், சூசையம்மாள் கத்துவாள், ஜெபம் மேலே போகும். நாலைந்து மாதத்தில் அது ஒரு முறையாகவே ஆகிவிட்டது.

லூர்தம்மாளுக்குப் பொறுக்கவில்லை. "இன்னாய்யா இது? சர்க்காருக்குச் சொன்னது சர்க்காரோட போச்சு. இங்க வந்து சொல்லிடேன். அவருக்குத் தெரியாதா நம்ம கஷ்டம்?"

"சர்க்காருக்கு ஒரு தபா சொன்னா முடிஞ்சிடும்டி. இங்க வாராவாரம் பொய் சொல்லணும்."

"எது பொய்? அவரு நாதர் இல்லியா?"

"அவரு நாதர்தான். எனக்கான்னுதான் தெரியல."

மாதக் கடைசியில் வந்த பங்குச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார். சாமியார் இளைஞர், கேட்டுவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"இராயப்பர் மூணு தடவை ஆண்டவரைத் தெரியாதுன்னு மறுதலிச்சார் யாகப்பா. அவரைத்தான் ஆண்டவர் சபைக்குத் தலைவரா வச்சார்."

"அவரு அழுதாரு சாமி. எனக்கு அழுவ வர்லியே. சர்டிபிகேட்தான் வந்துச்சு. பொண்ணு படிக்கிறா. சந்தோசமாத்தான் கீது."

"ஏக சுதன்னு சொல்ல முடியுது. நாதர்னு சொல்ல ஏன் முடியல?"

"அவரு யாருடைய மகன்றது அவரு சமாச்சாரம் சாமி. நான் இன்னா சொன்னாலும் அது மாறாது. நம்ம நாதர்னு சொன்னா அது என் சமாச்சாரம் ஆயிடுது. நான் அவரு ஆளுன்னு ஆயிடுது. அவரு ஆளு நானுன்னா அன்னிக்கு இன்ஸ்பெக்டர் கேட்டப்பவும் அவரு ஆளுதான இருந்திருக்கணும்?"

அந்தச் சாமியார் குருமடத்தில் எட்டு வருஷம் படித்தவர். எட்டு வருஷத்தில் இதை இவ்வளவு சுருக்கமாக யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. பேச்சை மாற்றுவதுபோல வழக்கமான வாக்கியத்துக்கு வந்தார்.

"சரி. இனிமேல் இந்தப் பாவத்தைச் செய்ய மாட்டேன்னு பிரதிக்கினை பண்ணு. மன்னிப்புக் கொடுக்கிறேன்."

"அது முடியாது சாமி. லூர்துராஜு நாலாங்கிளாசு படிக்கிறான். அவனுக்கும் சர்டிபிகேட் வாங்கணும்."

"அதுக்கு எவ்வளவு நாள் இருக்கு?"

"ஒம்போது வருசம் ஆவும்."

திரும்பச் செய்வேன் என்று தேதியோடு சொல்கிறவனுக்கு எந்தச் சாமியாரும் பாவமன்னிப்புக் கொடுக்க முடியாது. உபதேசியார் பொறுப்பிலிருந்து விலகிக்கொள்ளச் சொல்லலாம். அப்படிச் சொன்னால் வேறு யார் ஜெபம் சொல்லிக்கொடுப்பது? யாகப்பன் ஒன்பது வருஷம், பூசையில் கொடுக்கும் அப்பமான நன்மையை வாங்காமல் இருந்தார். அந்த ஒன்பது வருஷமும் மற்றவர்களை நன்மை வாங்கத் தயார் செய்தார். குழந்தைகளுக்கு மந்திரங்கள் சொல்லிக்கொடுத்தார். சாகிறவர்களின் காதில் இயேசுவின் நாமத்தைச் சொன்னார். அத்தனை பேரையும் கரை சேர்க்கிற ஓடக்காரர் தன் காலை மட்டும் கரையில் வைக்கவில்லை.

கிளாரா உத்திரமேரூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சரானாள். சூசையம்மாள் எழுபத்தொன்பதில் விஷக் காய்ச்சலில் செத்துப்போனாள். யாகப்பன்தான் அடக்க ஜெபம் சொன்னார். அந்த ஞாயிறு விசுவாசப் பிரமாணத்தில் எல்லோரும் இருமினார்கள், இருமல் அடங்கியது, வேறு குரல் எதுவும் வரவில்லை. கோயிலில் ஒரு தூண் போனதுபோல இருந்தது.

எண்பத்திரண்டில் மேற்றிராணியார் காலனிக்கே வந்தார், குழந்தைகளின் நெற்றியில் தைலம் பூசி உறுதிபூசுதல் கொடுப்பதற்கு. பந்தல் போட்டார்கள். பஞ்சாயத்துத் தலைவர் என்கிற முறையில் சுப்பராயனுக்கு மேடையில் நாற்காலி; வேட்டி சரசரக்க உட்கார்ந்திருந்தார். பதினான்கு பிள்ளைகள் வரிசையில் நின்று விசுவாசப் பிரமாணத்தை ஒப்பித்தார்கள். ஏக சுதன் வரைக்கும் ஒரே குரல். அங்கே பதினான்கு பிள்ளைகளும் ஒரே நேரத்தில், ஒரே அளவாக, கையை வாயருகே வைத்து இருமினார்கள். பிறகு மேலே போனார்கள்.

மேற்றிராணியார் முதலில் பயந்துதான் போனார். பக்கத்திலிருந்த பங்குச் சாமியாரிடம் குனிந்து, "இங்கே காசநோய் அதிகமோ?" என்று கேட்டார். சாமியார் தரையைப் பார்த்தார். மேற்றிராணியார் வரிசையின் கோடியில் நின்ற கிரேசி என்ற சிறுமியைக் கூப்பிட்டார்.

"உனக்கு இருமல் இருக்காம்மா?"

"இல்ல ஆண்டவரே."

"பின்னே ஏன் இருமினே?"

"அங்க இருமணும் ஆண்டவரே. உபதேசியார் சொல்லிக்குடுத்தாரு."

"அந்த இடத்துல ஒரு வார்த்தை வருமே, தெரியாதா?"

கிரேசி யோசித்தாள். தெரிந்துவிட்டது, முகம் மலர்ந்தது. "அது சூசையம்மா பெரிம்மா சொல்றது ஆண்டவரே. நாங்க இருமுவோம், அவங்க சொல்லுவாங்க. இப்ப அவங்க செத்துட்டாங்க."

யாகப்பன் பிள்ளைகளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். ஒன்பது வருஷமாகத் தன் தொண்டையை மட்டும்தான் அடைத்துக்கொண்டிருப்பதாக நினைத்திருந்தார். தன் வாய் சபைக்கே புத்தகம் என்பது அவருக்கு மறந்துபோயிருந்தது. கிழித்தெடுத்த பக்கம் பதினான்கு பிரதிகளாக எதிரே நின்றது.

லூர்துராஜ் ஐ.டி.ஐ. முடித்து, ஒரு சர்க்கார் தொழிற்சாலையில் ஃபிட்டர் வேலைக்குத் தேர்வாகி, சர்டிபிகேட்டுக்கு மனுப் போட்டு ஒரு மாதம் ஆகியிருந்தது. விசாரணை எந்த நாளும் வரலாம். ஊர்ப் பெரியவர் என்று இன்ஸ்பெக்டர் முதலில் கேட்கப்போவது சுப்பராயனை. சுப்பராயன் பத்தடி தூரத்தில் உட்கார்ந்து, இதெல்லாம் என்ன என்று சுவாரசியமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது சூசையம்மாளுது இல்ல பாப்பா," என்றார் யாகப்பன். "நான் முழுங்கினது. எல்லாரும் கேட்டுக்குங்க." அப்புறம் அந்த வரியை ஆரம்பத்திலிருந்து சொன்னார். ஏக சுதன் வந்தது. லூர்தம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். பழக்கத்தில் பந்தல் முழுதும் இருமியது. அந்த இருமலின் மேலே ஏறி, "நம்முடைய நாதர்" என்று அவர் குரல் ரோட்டுக்குப் போயிற்று.

அன்று மாலையே பாவசங்கீர்த்தனம் செய்து, இனி மறுதலிப்பதில்லை என்று பிரதிக்கினையும் பண்ணினார். வீட்டுக்கு வந்தபோது சாப்பாடு போட ஆள் இல்லை.

"பொண்ணுக்கு ஒரு நாயம், புள்ளைக்கு ஒரு நாயமா?" என்று லூர்தம்மாள் சுவரைப் பார்த்துக் கேட்டாள். "அவளுக்காக நரகத்துக்குப் போனே. இவனுக்காகப் போவ உனக்குக் கால் வலிக்குதா?"

யாகப்பன் தானே தட்டை எடுத்துச் சோற்றைப் போட்டுக்கொண்டார்.

பம்பு செட்டில் சுப்பராயன் கேட்டார்: "இன்னாடா, அவ்ளோ சத்தம்? மேடையில நான் இருக்கறது தெரியலியா?"

"தெரிஞ்சுது ஆண்டே."

"அவரு ஞாயித்துக்கெழமதான் கூப்டுவாருன்ன. அன்னிக்குப் புதன்கெழமடா."

மூன்றாம் வாரம் புது இன்ஸ்பெக்டர் வந்தார். சுப்பராயனைப் பார்த்துவிட்டுத்தான் வந்தார். சந்திரம்மாள் முருகரைத் தூக்கிக்கொண்டு முன்னாலேயே வந்துவிட்டாள். "வேணாம்க்கா," என்றார் யாகப்பன். "எங்களுக்காக அவரு அலஞ்சது போதும்." சிலுவை சுவரில் இருந்தது. லூர்துராஜ் அதைக் கழற்றிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டான். முருகரை வாங்கி அங்கே மாட்டினான். வெள்ளைக் கைகள் இப்போது இன்னும் வெளுத்துத் தெரிந்தன.

இன்ஸ்பெக்டர் வீட்டுக்குள்ளே வந்து உட்காரக்கூட இல்லை. "பிஷப் முன்னாடி கத்தினது நீதானாமே? தலைவர் சொன்னார். நேரா சொல்லு. இயேசு உனக்கு யாரு?"

யாகப்பன் வாயைத் திறந்தார். வார்த்தை அங்கேதான் இருந்தது, நாக்கின் மேலே. இருமல் இல்லை.

"அவருக்கு ஒடம்பு சரியில்ல சார்," என்றான் லூர்துராஜ், நடுவில் வந்து நின்று. "நெஞ்சுச் சளி. ஏதோ கத்துவாரு. மனு என்னுது, பதினெட்டு முடிஞ்சுது. என்னைக் கேளுங்க."

"சரி, நீ சொல்லு. யாரு?"

"யாருமில்லீங்க."

புழக்கடைக் கதவுக்குப் பின்னால் நின்று ஒன்பது வயதில் கேட்டது. குரலின் இறக்கம்கூட மாறவில்லை. சட்டைக்குள்ளே சிலுவையின் ஒரு முனை துணியைத் தள்ளிக்கொண்டு நின்றது. இன்ஸ்பெக்டர் அதைப் பார்த்தாரோ இல்லையோ, எழுதிக்கொண்டார். அவர் எழுதி முடித்து வாசலைத் தாண்ட இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும். அந்த இரண்டு நிமிஷமும் யாகப்பனின் வாய் யாகப்பன் வசம்தான் இருந்தது. அவர் அதை மூடிக்கொண்டார். பிரதிக்கினை முறியவில்லை, அவர் மறுதலிக்கவில்லை. இனி அதற்கு ஆள் இருந்தது.

சர்டிபிகேட் வந்தது. திங்கட்கிழமை வேலையில் சேரவேண்டும், காலை ஷிப்ட். ஞாயிறன்று லூர்துராஜ் கோயிலுக்கு வந்து அப்பாவுக்குப் பக்கத்திலேயே நின்றான். மணியடித்தது. யாகப்பன் விசுவாசப் பிரமாணத்தைத் தொடங்கினார். அந்த இடம் வந்தபோது தெளிவாக, நிறுத்தி, "நம்முடைய நாதர்" என்றார். கிரேசியும் மற்றப் பிள்ளைகளும், சில வாரமாகப் புதிதாகக் கற்றுக்கொண்டதைக் காட்டவேண்டும் என்கிற ஆசையில், கூரை அதிர "நம்முடைய நாதர்" என்றார்கள். பெரியவர்களில் சிலரும் சொன்னார்கள்.

பக்கத்தில் லூர்துராஜ் கையை வாயருகே கொண்டுபோய் இருமினான். மெல்லத்தான்.

யாகப்பன் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த வரிக்காகச் சனங்கள் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.